யவனர் கதைகளும் நமது வானமும்

பொது அறிவைச் சோதிக்கும் வினாத்தாள்கள் இக்காலத்து மலிந்துவிட்டன. அவற்றுள் வானநூலுக்கு ஓரிடமும் கிரேக்க புராணத்திற்கு ஓரிடமும் தவறாமல் உண்டு. 'வேட்டுவனாகிய ஓரியனைக் கொன்றது எது?' என்பது ஒரு வினா. 'தேள்' என எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். 'கரடியாக மாற்றப்பட்ட நங்கை யாவள்?' என்பது மற்றொன்று. 'கலிஸ்டோ' என்பது விடை. விடைகள் பிழையற்றனவே. ஆயினும், அவற்றை எழுதிய மாணவரை இரவில் வெளியே அழைத்துச் சென்று, அவ்வோரியன் எங்கே, அக்கரடி எங்கே என வினவின், பெரும்பாலோர் வாய்திறவாது நிற்பர். வினாத்தாளை ஆக்கியோர் நிலையும் அதுவே ஆகலாம். ஆதலின், மாணவரைச் சிறிது இளைப்பாற விட்டு, இம்முறை அக்கதைகளையே சோதனைக்கு உட்படுத்த விழைகின்றோம். சோதனைச்சாலைகள் இரண்டு: கடலூரைச் சார்ந்த தேவனாம்பட்டினத்துக் கடற்கரையும், சிதம்பரத்துத் தேரோடும் வீதியும்.

முதற்கண் கரடியை எடுத்துக்கொள்வோம். யவனர் பெருங்கரடி என வழங்கிய தொகுதியின் ஒளிமிக்க ஏழு மீன்களையே நம்மவர் சப்தரிஷி மண்டலம் என்றனர். வானவர்க்கு அரசனாகிய ஸீயுஸ் கலிஸ்டோவை விரும்பினான் என்றும், அவன் தேவியாகிய ஹீரா சினந்து அவளைக் கரடியாக்கினாள் என்றும் ஒரு கதை உண்டு. அக்கரடி வானேறி மீனாகியும் ஹீராவின் சினம் தணிந்திலது. கடற்றெய்வங்களிடம் சென்று, இவள் என்றும் உங்கள் நீரில் மூழ்குதலாகாது என வேண்டிப் பெற்றாள். இலத்தீன் கவியாகிய ஓவிது இதனை விரித்துரைத்தனர். அவர்க்குப் பல நூற்றாண்டு முன்னரே ஹோமரும் கரடி கடலில் நீராடுவதில்லை என்று குறித்துள்ளார்.

இக்கதை பிறந்த காரணம் யாது? ஓரூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே எத்தனை பாகையில் உளதோ, ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில் அவ்வூர் வானிலே துருவமீன் நிற்கும். துருவத்தைச் சூழ்ந்து அத்தனை பாகைக்குள் அடங்கிய மீன்கள் அவ்வூரில் மறைவதே இல்லை. ஏதென்ஸ் நகரம் 38 பாகையில் உள்ளது. ஹோமர் காலத்தில் கரடியின் ஏழு மீன்களும் அவ்வட்டத்துள் அடங்கியிருந்தன. ஆகவே யவனர் அவை கடலில் வீழ்ந்ததைக் கண்டாரல்லர். கண்டறியாததற்கு ஒரு காரணம் வேண்டுமன்றோ? ஹீராவின் பொறாமை காரணமாயிற்று.

கடலூரோ 11 பாகை 45 கலையில் உள்ளது. நம் துருவ வட்டம் மிகச் சிறியது. எழுமுனிவருள் ஒருவரும் அதனுள் அடங்கார். தை மாதத் தொடக்கத்தில் இரவு 8 மணியளவில் தேவனாம்பட்டினத்து மணலில் நின்று, வடக்கிற்கும் வடகிழக்கிற்கும் இடையே நோக்குக. முதல் முனிவர் அடிவானத்தினின்றும் எழுவார். மூட்டம் இருப்பின் சற்றுக் காத்திருத்தல் வேண்டும். பிறர் ஒருவர்பின் ஒருவராக வர, கடையவர் எழுதற்கு 11 மணி கடந்துவிடும். ஹீராவின் ஆணை வங்கக் கடலிற் செல்லவில்லை! கலிஸ்டோ இங்கே நாடோறும் நீராடியே எழுகின்றாள்.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்வோர்க்குத் துருவமீன் இன்னும் 21 கலை தாழும். முழுமதியின் குறுக்களவினும் குறைவு. வெறுங்கண்ணால் அதனை உணர்தல் அரிது. கருவி கொண்டு அளந்தால், இரண்டு ஊர்க்கும் இடையே தென்வடல் தொலைவு ஏறக்குறைய 39 கிலோமீட்டர் என்று வானமே சொல்லிவிடும்.

இம்முறையால் உலகையே அளக்கத் துணிந்தவர் கி.மு. முதல் நூற்றாண்டினராகிய பொஸிடோனியஸ். அவர் துணைக்கொண்ட மீன் நம் அகத்தியம். யவனர் அதனைக் கனோபஸ் என்றனர். அஃது ரோட்ஸ் தீவில் தென்னடிவானைத் தொட்ட அளவிலே மறையும். அலெக்ஸாந்திரியாவிலோ வட்டத்தில் 48-இல் ஒரு பங்கு உயரும் என்று கொண்டார். இரண்டிடத்திற்கும் இடைத்தூரம் 5,000 ஸ்டேடியம் எனப்பட்டமையால், நிலவுலகின் சுற்றளவு 2,40,000 ஸ்டேடியம் என்று முடித்தார். வட்டத்தில் 48-இல் ஒரு பங்கு ஏழரைப் பாகையாகும். உண்மை வேறுபாடு ஐந்தேகாற் பாகையே. தூரமும் மிகையாக இருந்தமையால் ஒரு பிழை மற்றொன்றைப் பெரிதும் ஈடுசெய்துவிட்டது. எனினும் முறை முறையே. அதனை யாம் மிகவும் மதிக்கின்றோம்.

கிரேக்க நாட்டின் பெரும்பகுதிக்கு எட்டாத அம்மீன், சிதம்பரத்தில் தை நடுவில் இரவு 10 மணிக்குத் தெற்கே 26 பாகை உயர்ந்து நிற்கும். தில்லி நகரத்தில் 9 பாகைக்கும் மேற்படாது. யவனர் அதனை எகிப்திலே உயிர்நீத்த ஒரு மாலுமியின் பெயரால் வழங்கினர். நம்மவர் வடக்கினின்றும் தெற்கே போந்த முனிவரின் பெயரிட்டனர். தெற்கு நோக்கிச் செல்வார்க்கு உயர்ந்துகொண்டே வரும் மீனுக்கு இவற்றினும் பொருந்திய பெயர்கள் உளவோ?

இனி ஓரியன். அவன் தோளில் விளங்கும் செம்மீனாகிய பீடல்ஜூஸ் நம் திருவாதிரை. சிவபெருமானுக்கு ஆதிரையான் என ஒரு பெயர் உண்டு. சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரை பெருவிழா. அம்மாதத்தில் ஞாயிறு தனுசில் நிற்ப, முழுமதி அதற்கு நேர் எதிரே மிதுனத்தில் நிற்றல் வேண்டும். திருவாதிரையும் அங்கேயே உளது. எனவே விழாவையொட்டிய இரவில் மதியும் ஆதிரையும் அருகருகே மாலையில் எழுந்து, நள்ளிரவில் ஏறக்குறைய உச்சிக்கு வந்து, வைகறையில் மேற்கே சாயும். பல்லாயிரவர் அவ்விரவில் திரள்கின்றனர். தலைநிமிர்ந்து அம்மீனைத் தேடுவார் எத்துணையர்? 2019-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2020 பிப்ரவரியில் அதன் ஒளி பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அம்மீன் உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசாகி மறைத்ததே காரணம் என்றனர் ஆராய்ந்தோர். பின்னர் அது பழைய ஒளியைப் பெற்றது.

ஓரியனைத் தேள் கொன்றது. ஆதலின் தேள் எழுமுன் அவன் ஓடி மறைகின்றான் என்பர் யவனர். பங்குனி இறுதியில் இரவு 10 மணியளவில் இதனைச் சோதிக்கலாம். (தேர்வுக்குப் படிப்போர் கண் விழித்திருக்கும் காலமே அது.) கிழக்கே தேளின் நெஞ்சாகிய கேட்டை எழும்போது மேற்கே ஆதிரை இன்னும் மறைந்திராது, ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருவரும் வானின் இரு கரைகளில் நின்று ஒருவரையொருவர் நோக்குவர். ஏதென்ஸ் நகரில் அவ்விடைவேளை மிகக் குறுகியது. கதை இங்கே முழுதும் தோற்கவில்லை, சற்றே தளர்கின்றது.

கார்த்திகையைப் பற்றிச் சுருங்கக் கூறுதும். யவனர் எழுவர் மகளிர் என்றனர். கண்ணுக்குத் தெரிவனவோ பெரும்பாலும் ஆறு. ஒருத்தி நாணி மறைந்தாள் என்று கணக்கை நேராக்கினர். நம் கதையிலும் முனிவர் மனைவியர் எழுவர். கார்த்திகையாக நின்றவர் அறுவர். ஏழாமவள் அருந்ததி, கணவராகிய வசிட்டரின் பக்கத்திலேயே சிறுமீனாக விளங்குகின்றாள். கண்ணொளி உடையார்க்கு இரவில் அவள் தோன்றுவாள். திருமணங்களில் பட்டப்பகலில் மேலே சுட்டி, 'தெரிகிறதா?' எனக் கேட்பதும், மணமக்கள் தலையசைப்பதும் நாம் அறிந்தனவே.

கதைகள் இங்ஙனம் வேறுபடினும், பன்னிரண்டு இராசிகள் யவனர் வழியாக வந்தன என்பதில் ஐயம் குறைவு. யவனரும் பாபிலோனியரிடம் பெற்றவரே. கி.பி. 6-ஆம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் கிரியம், தாவுரி, லேயம், பாதோனம் என்னும் இராசிப் பெயர்களைத் தருகின்றார்; அவை கிரியோஸ், தௌரோஸ், லெயோன், பார்தெனோஸ் என்னும் கிரேக்கச் சொற்களே. இருபத்தேழு நாண்மீன்களோ அவற்றிற்கு முற்பட்ட நம் நாட்டு வழக்கு. ஓரை என்னும் தமிழ்ச் சொல்லைக் குறித்து அறிஞரிடைக் கருத்து வேற்றுமை உண்டு. கடலூர்க்கு வடக்கே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு வீலர் துரை நடத்திய அகழ்வில் மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடிகளும் மட்கலங்களும் கிடைத்தன. அவற்றோடு இராசிகளும் கரையிறங்கின என்று கூறத் துணியோம். அவை மேற்கு இந்தியா வழியே வந்தன என்பதே பொருத்தம்.

தனுசை மட்டும் நண்பர்களுக்கு விட்டுவைக்கின்றோம். யவனர் அங்கே குதிரையுடல் கொண்ட வில்லாளனைக் கண்டனர். நாம் பெயரளவில் வில்லை மட்டும் வைத்துக்கொண்டோம். ஆடி மாதக் கடைக்கூற்றில், மேகமற்ற இரவில், 10 மணிக்குத் தெற்கே நோக்கி, அங்கே தெரிவது வில்லா குதிரையா எனத் தாமே கண்டு சொல்வாராக.