முக்கோணம் மூடுமா? அரைச்சுற்றளவைக் கேளுங்கள்!



பள்ளிக்கூடத்திலேயே படித்து முடித்த பாடமாயிற்றே, முக்கோணத்தில் இனி என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், சர்வே பிராக்டிகலில் அது என் காலை வாரிவிடும் வரை!

செயின் சர்வேயில் எங்கள் பேட்ச் ஒரு முக்கோண நிலத்தை அளந்தது. ஃபீல்டு புக்கில் எழுதிய பக்கங்கள்: 42 மீட்டர், 22 மீட்டர், 18 மீட்டர். ராத்திரி ஹாஸ்டலில் ரெக்கார்டு எழுத உட்கார்ந்தோம். சுற்றளவு 42 + 22 + 18 = 82 மீட்டர். ஒரு சிக்கலும் இல்லை. பரப்பளவு போட்டால் மட்டும் கால்குலேட்டர் 'எர்ரர்' என்றது. மறுபடி போட்டாலும் அதேதான். "மாப்ளே, பேட்டரி வீக்குடா" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

மறுநாள் சாரிடம் போனோம். நோட்டைப் பார்த்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "படம் வரைஞ்சு பாத்தீங்களாப்பா?"

வரைந்தோம். 42 மீட்டரை அடிப்பக்கமாகப் போட்டு, ஒரு முனையில் 22, மறுமுனையில் 18 என்று காம்பஸில் வில் போட்டால், இரண்டு வில்லும் சந்திக்கவே இல்லை. 22 + 18 = 40தானே! இன்னும் 2 மீட்டர் இருந்தால்தான் ஒன்றையொன்று தொடும். தொட்டாலும் அது முக்கோணமாகாது, வெறும் நேர்கோடுதான்.

விதி என்ன?

முக்கோணத்தில் எந்த இரண்டு பக்கங்களைக் கூட்டினாலும் மூன்றாவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். நேர்வழியைவிடச் சுற்றுவழி நீளம், அவ்வளவுதான். இதையே சுற்றளவோடு சேர்த்துச் சொல்லலாம்: மிக நீளமான பக்கம் சுற்றளவில் பாதியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எங்கள் கணக்கில் பாதி 41, நீளமான பக்கம் 42. அங்கேயே குட்டு உடைந்துவிட்டது.

கால்குலேட்டர் மறுத்ததும் இதனால்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த ஹெரானின் சூத்திரம் நமக்குத் தெரியும். அரைச்சுற்றளவிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழிக்க வேண்டும். கிடைக்கும் மூன்று மீதிகளையும் அரைச்சுற்றளவையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் பரப்பளவு. எங்கள் மீதிகள் −1, 19, 23. பெருக்குத்தொகை மைனஸ். மைனஸுக்கு ஏது வர்க்கமூலம்?

தவறு எங்கே? 20 மீட்டர் செயினில் ஒவ்வொரு செயின் முடிவிலும் ஓர் அம்பு குத்துவோம். பின்னால் வருபவர் அதை எடுத்து எண்ணிக்கொண்டே வர வேண்டும். எங்களில் ஒருவர் ஓர் அம்பை மறந்துவிட்டார். 38 மீட்டர் 18 ஆகிவிட்டது! திருத்திப் போட்டோம்: 42, 38, 22. அரைச்சுற்றளவு 51. மீதிகள் 9, 13, 29. பரப்பு சுமார் 416 சதுர மீட்டர்.

ஒரே சுற்றளவு, ஒரே நிலமா?

12 தீக்குச்சி எடுங்கள். உடைக்காமல் எத்தனை விதமான முக்கோணம் செய்யலாம்? பாதி 6. எனவே எந்தப் பக்கத்திலும் 5 குச்சிக்கு மேல் வைக்க முடியாது. மூன்றே மூன்றுதான் தேறும்: 5-5-2, 5-4-3, 4-4-4. நடுவில் உள்ளதுதான் கொத்தனார் மூலைமட்டம் பார்க்கும் 3-4-5.

இப்போது ஒரு குச்சியை 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மனைக்கும் வேலி 120 மீட்டர்தான். ஆனால் பரப்பு?

50, 50, 20 – சுமார் 490 சதுர மீட்டர்
50, 40, 30 – 600 சதுர மீட்டர்
40, 40, 40 – சுமார் 693 சதுர மீட்டர்

முதலாவதற்கும் கடைசிக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 5 சென்ட்! "சுத்தளவு ஒண்ணுதானே சார்" என்று யாராவது நிலம் விற்க வந்தால், நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். சுற்றளவு வேலிக்குக் கணக்கு, நிலத்துக்கு அல்ல.

ஒல்லி முக்கோணம் ஆபத்து

நீளமான பக்கம் பாதிச் சுற்றளவை நெருங்க நெருங்க முக்கோணம் ஒல்லியாகும். 40, 21, 20 பக்கங்களுக்குப் பரப்பு சுமார் 90 சதுர மீட்டர். 40ஐ 40.2 என்று அளந்துவிட்டால் 81 ஆகிவிடும். 20 சென்டிமீட்டர் பிழைக்குப் பத்தில் ஒரு பங்கு நிலம் போச்சு! அதே பிழையைச் சமபக்க முக்கோணத்தில், 40-40-40ல் ஒரு பக்கத்தில் செய்தால், 693 என்பது 695 ஆகும். அவ்வளவுதான். கோணங்கள் 30 டிகிரிக்குக் குறையாமலும் 120 டிகிரிக்கு மிகாமலும் இருக்கட்டும் என்று சர்வே பாடத்தில் சொல்வது சும்மா இல்லை. 1802ல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய மாபெரும் முக்கோண அளவையும் இப்படி முக்கோணம் முக்கோணமாகத்தான் நாடு முழுக்கப் படர்ந்தது.

ஆகவே நண்பர்களே, பிராக்டிகலோ பரீட்சையோ, மூன்று பக்கம் கையில் வந்ததும் முதலில் சுற்றளவைப் பாதியாக்குங்கள். நீளமான பக்கம் அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். பத்து நொடி வேலை. அதையும் களத்திலேயே, செயினைச் சுருட்டுவதற்கு முன்பே செய்யுங்கள். நாங்கள் அந்த ஒரு பக்கத்தை அளக்க மறுபடி வெயிலில் போனோம். நீங்கள் போக வேண்டாம்!

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு: 15 தீக்குச்சியில் எத்தனை முக்கோணம்? ஏழு என்று வந்தால் உங்களுக்கு என் கைகுலுக்கல். 4 குச்சியில் எத்தனை என்பதையும் யோசித்துப் பாருங்கள்.