வீக்கம் வற்றியது, வலி போகவில்லை

ஆடி மாதம். மூணாறு மலையில் விடாத மழை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடக்கும் தடமெல்லாம் வழுக்கும்.

மூணாறு கேரளத்தில், இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் அங்குள்ள தோட்டத்து லயங்களில் தமிழ்தான் அதிகம் கேட்கும். பாட்டன், பூட்டன் காலத்தில் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பங்கள் அவை.

அப்படி ஒரு லயத்தில் ஓர் அக்கா இருக்கிறார். நாற்பது வயது. கொழுந்து எடுக்கிற வேலை. பகலில் வேலை பார்த்து, இரவில் எழுத்துப் படித்தவர். இப்போது மருந்துச் சீட்டையும் பஸ் பலகையையும் தாமே படிப்பார்.

அன்று தலையில் கொழுந்துச் சாக்கோடு சரிவில் இறங்கினார். வலது கால் சறுக்கியது. பாதம் உள்பக்கமாக மடங்கியது. சாக்கு ஒருபக்கம், அக்கா ஒருபக்கம்.

“சுளுக்குத்தான்” என்றார்கள் கூட இருந்தவர்கள்.

அன்று இரவே பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார். எண்ணெயைச் சூடாக்கி, கணுக்காலை அழுத்தி நீவி விட்டார். அக்கா பல்லைக் கடித்துக் கொண்டார். காலையில் பார்த்தால் கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. பாட்டி நல்ல மனசோடுதான் செய்தார். ஆனால் அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் நீவக் கூடாது. உள்ளே அறுந்த இடத்தில் இரத்தம் கசிந்து கொண்டிருக்கும். நீவினாலும் சூடு வைத்தாலும் கசிவு கூடும்.

அப்போது செய்ய வேண்டியது வேறு. காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, பதினைந்து இருபது நிமிடம் வைக்கலாம். ஐஸ் இல்லையா? குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி போதும். கிரேப் கட்டு கட்டினால் விரல் பக்கமிருந்து மேலே சுற்றிக்கொண்டு போக வேண்டும். விரல்கள் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ கட்டை உடனே தளர்த்த வேண்டும். எந்த ஊர்க் கட்டானாலும் இது பொருந்தும். இறுகிய கட்டினால் காலையே இழந்தவர்கள் உண்டு.

பத்து நாளில் வீக்கம் வற்றியது. பதினோராம் நாள் அக்கா வேலைக்குப் போய்விட்டார். வேறென்ன செய்வார்? வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி ஏது? மளிகைக் கடைப் பாக்கி நிற்குமா?

இரண்டு மாதம் ஆயிற்று. வலி மட்டும் போகவில்லை. சரிவில் இறங்கும்போது கணுக்கால் திடீரென்று மடங்கும். இரண்டு முறை மறுபடியும் சுளுக்கிக் கொண்டது. சாயங்காலமானால் வீக்கம். தினமும் கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மலையேறினார். “வயசாயிடுச்சு, இனி இப்படித்தான்” என்று தமக்குத் தாமே சொல்லிக் கொண்டார்.

ஒருநாள் வயிறு எரிகிறது என்று தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார். சிஸ்டர் அவர் நடையைப் பார்த்துவிட்டார்.

“வயிறு இருக்கட்டும் அக்கா. கால் ஏன் நொண்டுது?”

அக்கா எல்லாம் சொன்னார்.

“விழுந்த அன்னைக்கு நாலு அடி எடுத்து வைக்க முடிஞ்சுதா?”

“சுவரைப் பிடிச்சு நடந்தேன் சிஸ்டர்.”

சிஸ்டர் கணுக்காலின் இரண்டு பக்க எலும்பு முனைகளையும் அழுத்திப் பார்த்தார். பாதத்தின் வெளி ஓரத்தையும் அழுத்தினார். நாலு அடி கூட வைக்க முடியவில்லை, அல்லது அந்த எலும்புகளை அழுத்தினால் உயிர் போகிற வலி என்றால் எலும்பு உடைந்திருக்கலாம். அப்போது எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். அக்காவுக்கு எலும்பில் வலி இல்லை. ஆனாலும் இரண்டு மாதமாக வலிப்பதால் டாக்டரிடம் அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். உடைவு எதுவும் இல்லை.

“உடையலைன்னா ஏன் வலிக்குது?” என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான்.

பந்தல் போடும்போது மூங்கிலை மூங்கிலோடு கயிற்றால் கட்டுகிறோம். கணுக்காலும் அப்படித்தான். எலும்பையும் எலும்பையும் நார்கள் கட்டி வைத்திருக்கின்றன. வெளிப்பக்கம் மூன்று நார்கள். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது இவைதான் இழுபடும், கிழியும். வீக்கம் சில நாளில் வற்றும். ஆனால் நார் உறுதிப்பட ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை கூட ஆகும். அதற்குள் சுமை தூக்கிச் சரிவில் இறங்கினால் ஆறும் நார் மறுபடி இழுபடும்.

இன்னொன்றும் உண்டு. இதைப் பலருக்கும் யாரும் சொல்வதில்லை. அந்த நார்களுக்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன. ‘பாதம் சாய்கிறது’ என்று மூளைக்குச் சேதி சொல்வது அவற்றின் வேலை. சேதி போனவுடன் தசைகள் பாதத்தை நிமிர்த்திவிடும். நமக்கே தெரியாமல் இது நடக்கும். நார் கிழிந்தால் இந்தச் சேதி தாமதமாகும். தசை முந்திப் பிடிப்பதற்குள் கால் மடங்கிவிடும். மறுபடி மறுபடி சுளுக்குவது இதனால்தான். வயதால் அல்ல.

மாத்திரையால் இது சரியாகாது. வலி தெரியாமல் நடந்து கால் இன்னும் கெடும். தினமும் போட்டால் வயிறும் புண்ணாகும். சிறுநீரகமும் கெடலாம். அக்காவின் வயிற்று எரிச்சலுக்கும் அந்த மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்றார் சிஸ்டர்.

“அப்போ என்ன செய்யணும்?”

“காலுக்குத் திரும்பப் பாடம் சொல்லிக் கொடுக்கணும். உட்கார்ந்து காலை நீட்டுங்க. கட்டை விரலைப் பேனா மாதிரி வெச்சுக்கிட்டு அ, ஆ, இ, ஈ எழுதுங்க. முழங்கால் ஆடக் கூடாது. கணுக்கால் மட்டும் ஆடணும்.”

அக்கா திடுக்கிட்டார். “எழுத்தைக் காலாலே எழுதறதா? பாவமில்லையா?”

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கும்பிட்டுட்டு எழுதுங்க அக்கா. சாமி கோவிச்சுக்காது.”

அக்கா எழுதினார். ‘அ’ எழுதுவதற்குள் வியர்த்தது. ‘ஆ’வின் சுழி வரவே இல்லை. கையால் முதன்முதலில் எழுதிய நாள் அவருக்கு நினைவு வந்தது.

பிறகு சிஸ்டர் மற்றவற்றையும் காட்டினார். காலை நீட்டி, துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் போட்டு, முப்பது எண்ணும்வரை தன் பக்கம் இழுக்க வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தைச் சுவரில் வைத்து ஐந்து எண்ணும்வரை தள்ள வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கிப் பத்து முறை இறக்க வேண்டும். கடைசியாக, அடிபட்ட காலில் மட்டும் நிற்க வேண்டும். முதலில் சுவரைத் தொட்டுக்கொண்டு, பிறகு தொடாமல். முப்பது எண்ணும்வரை ஆடாமல் நிற்க வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கலாம். இந்த ஒற்றைக்கால் நிற்பை மட்டும் ஒருநாளும் விடக் கூடாது என்பது என் கருத்து. காசு செலவில்லை. பல் தேய்க்கும்போதே செய்யலாம்.

செய்யும்போது லேசான வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் முந்தின நாள் அதிகம் செய்துவிட்டோம் என்று பொருள். அன்று குறைத்துக் கொள்ள வேண்டும்.

மேடு பள்ளத்தில் நடக்கவும் முறை உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கம்பு ஊன்றினால் நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். நம்மில் பலர் மாற்றித்தான் பிடிக்கிறோம்.

சிஸ்டர் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். ‘ஆறு வாரம் சரிவில் சுமை வேண்டாம்.’ அக்கா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். சூப்பர்வைசரிடம் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். முதலில் அவர் முணுமுணுத்தார். பிறகு சமதளத்தில் வேலை கொடுத்தார். விழுந்த அன்றே டிஸ்பென்சரிப் பதிவேட்டில் எழுதச் சொல்லியிருந்தால் இந்த முணுமுணுப்பும் இருந்திருக்காது. வேலையில் அடிபட்டால் அன்றே எழுத வைத்துவிடுங்கள். என்ன எழுதினார்கள் என்று படித்தும் பாருங்கள்.

எல்லா வலியும் சுளுக்கு வலி அல்ல. மூட்டு பூட்டிக்கொண்டது போல அசையாமல் நின்றால் டாக்டரிடம் போங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே போங்கள். மாதக்கணக்கில் வீக்கம், மாலையில் காய்ச்சல், உடம்பு மெலிவு இருந்தால் எலும்பில் காசநோயாக இருக்கலாம். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை. அரசு மருத்துவமனையில் அதற்குச் சோதனையும் மருந்தும் இலவசம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குப் பாதம் மரத்திருக்கலாம். எலும்பு உடைந்தாலும் வலி தெரியாமல் போகலாம். பாதம் சிவந்து, சூடாகி, வீங்கினால் வலி இல்லாவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அக்கா காலண்டரில் நாள்தோறும் ஓர் எண் எழுதினார். வலது காலில் எத்தனை எண்ணும்வரை நின்றார் என்ற கணக்கு அது. முதல் நாள் 4. பத்தாம் நாள் 11. நடுவில் இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. மகளுக்குக் காய்ச்சல். கார்த்திகை விளக்கு ஏற்றிய அன்று 30.

நீங்களும் நின்று பாருங்கள். பக்கத்தில் சுவர் இருக்கட்டும். வயதானவர் என்றால் ஒருவர் துணைக்கு நிற்கட்டும். எத்தனை எண்ணும்வரை நின்றீர்கள்? இங்கே எழுதுங்கள்.

வலது கால்: ........

இடது கால்: ........