செல்பேசி வழி வணிகமும் நேரக் கணக்கும்



முன்பெல்லாம் முதலாளி, கணக்குப்பிள்ளை, சரக்கு எடுத்துப் போடும் பையன் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். சொன்னது புரிந்ததா என்பதை முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டோம். இன்று கடை ஓரிடம், கிடங்கு ஓரிடம், மிளகாய்த் தரகர் குண்டூரில், லாரியோ வழியில். எல்லோரையும் சேர்த்து வைத்திருப்பது செல்பேசி ஒன்றுதான்.

ஒரு தீபாவளிச் சமயத்தில் நமக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். இரவு 11.30 மணிக்குக் கடையை அடைத்துவிட்டு, "நாளை 60 மூட்டை கடலைப் பருப்பு ஏற்றவும்" என்று வெளியூர்த் தரகருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினோம். அவர் அதைப் படித்தது மறுநாள் காலையில். நாம் நினைத்த 'நாளை' அந்த நாள்; அவர் கொண்ட 'நாளை' அதற்கும் அடுத்த நாள். நீலக் குறி விழுந்ததைப் பார்த்து, ஒப்புக்கொண்டார் என்று நாமும் இருந்துவிட்டோம். சரக்கு தீபாவளிக்கு முதல் நாள் இரவில் வந்து இறங்கியது. வாடிக்கைக் கடைக்காரர்கள் அதற்குள் வேறிடத்தில் வாங்கிவிட்டார்கள். விலையைக் குறைத்துத்தான் தள்ள வேண்டியதாயிற்று. தவறு தரகருடையது அல்ல, நம்முடையதே.

வெளிநாட்டுச் சரக்கில் இன்னும் கவனம் தேவை. இங்கே காலை 10 மணி என்றால், உளுந்து வரும் மியான்மரில் 11 மணி. பட்டாணி, மைசூர்ப் பருப்பு விளையும் கனடாவின் சஸ்காட்செவனில் முதல் நாள் இரவு 10.30 மணி.

மற்றொன்று கவனம். கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டே செய்தி படித்தால் இரண்டில் ஒன்று தவறும். பதிலுக்குக் காத்திருப்பவருக்குப் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகத் தோன்றும். வியாபார நெரிசலில் இருப்பவருக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது. இதை உணராமல் கோபித்துக்கொண்டு பல வருடப் பழக்கத்தை முறித்துக்கொள்கிறோம்.

நாம் இப்போது கடைப்பிடிக்கும் முறை:

1. 'நாளை', 'உடனே', 'சீக்கிரம்' என்று எழுதுவதில்லை. தேதி, கிழமை, மணி எழுதுகிறோம்.

2. ரகம், மூட்டை, விலை, தேதி நான்கையும் எதிர்த்தரப்பு திருப்பி எழுதும் வரை ஆர்டர் உறுதியில்லை.

3. குழுவில் பொதுவாகச் சொல்லாமல், செய்ய வேண்டியவரின் பெயரைக் குறிப்பிடுகிறோம்.

4. காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் ஆர்டர் பார்க்க மட்டுமே. அப்போது கல்லாவில் வேறொருவர் இருப்பார்.

5. அவசரமென்றால் பேசுகிறோம், பேசியதை எழுத்திலும் அனுப்புகிறோம்.

இதற்குச் செலவு ஏதுமில்லை. பண்டிகை வியாபாரம் தொடங்குமுன் தரகர்களிடமும் கடைப் பணியாளர்களிடமும் இம்முறையைச் சொல்லி வைப்போம்.