சொல்லும் பொருளும்: ‘டவுட்’

“சார், ஐ ஹேவ் எ டவுட்” என்று வகுப்பில் எழுந்து நிற்காத தமிழ் மாணவர் அரியர். நம்முடன் பயிலும் வடநாட்டு நண்பர்களும் அவ்வாறே கூறுகின்றனர். ஆகவே இந்திய வகுப்பறைகளில் இதனால் இடர்ப்பாடு எழுவதில்லை. ஆனால், வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரிடமோ, அயல்நாட்டுப் பல்கலைக்கழக நேர்முகத் தேர்விலோ இதே வாக்கியத்தைச் சொன்னால், “நான் கூறியதை இவர் நம்பவில்லை போலும்” என்று கேட்பவர் எண்ணக்கூடும். விளக்கம் கேட்கச் சென்றவர் மறுப்புரைத்தவர் ஆகிவிடுகிறார். இது எதனால் என்பதைக் காண்போம்.

பிறப்பு

இச்சொல்லின் மூலம் ‘துபிதாரே’ என்னும் இலத்தீன் வினைச்சொல். இரண்டு என்று பொருள்படும் ‘துவோ’ என்ற எண்ணுப்பெயரோடு தொடர்புடையது. இரண்டில் எது என்று துணியாமல் மதில்மேல் பூனையாய் நிற்றலே அதன் அடிப்படைக் கருத்து. ஜெர்மன் மொழியில் ஐயத்தைக் குறிக்கும் ‘ட்ஸ்வைஃபெல்’ என்ற சொல்லிலும் இரண்டு என்னும் எண்ணே ஒளிந்திருக்கிறது.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் பல ஆங்கிலத்திற் புகுந்தன. அவற்றுள் இதுவும் ஒன்று. பழைய பிரெஞ்சில் இதற்கு ‘அஞ்சுதல்’ என்ற பொருளும் உண்டு. அஞ்சத்தக்க எதிரியை ஆங்கிலத்தில் ‘ரிடவுட்டபிள்’ என்பது அப்பழம்பொருளின் எச்சமே.

ஒலியாத எழுத்து

பிரெஞ்சிலிருந்து வந்தபோது இச்சொல்லில் ‘பி’ என்னும் எழுத்து வழங்கவில்லை. இலத்தீன் மூலத்தைக் காட்ட விரும்பிய புலவர்கள் அதனைப் பின்னர்ச் சேர்த்தனர். கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லும் இவ்வாறே ‘பி’ பெற்றது. எழுத்துச் சேர்ந்ததே தவிர ஒலி மாறவில்லை. 1598-இல் அச்சான ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில், இவ்விரு சொற்களிலும் ‘பி’யை ஒலிக்காதவர்களைக் கடிந்துகொள்ளும் ஓர் ஆசிரியரைப் படைத்து ஷேக்ஸ்பியர் நகைப்பூட்டுகிறார்.

வழக்கு

உடன்பாட்டு வாக்கியத்தில் இவ்வினையை அடுத்து ‘வெதர்’ வருதல் நன்று: “ஐ டவுட் வெதர் ஹி வில் கம்”. அவர் வருவது ஐயமே என்பது கருத்து. எதிர்மறையில் ‘தட்’ வரும்: “ஐ டு நாட் டவுட் தட் ஹி வில் கம்”. அவர் வருவார் என்பதில் ஐயமில்லை.

குற்ற வழக்கில், நியாயமான ஐயத்திற்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பது சட்ட நெறி. கிரிக்கெட் நடுவர் ஐயத்தின் பயனை மட்டையாளருக்கு அளிப்பதும் நாம் அறிந்ததே. இவ்விரண்டிலும், ஆம், அன்று என்னும் இரு முடிவுகளுக்கு இடையே நிற்கும் நிலையையே இச்சொல் குறிக்கிறது.

நம் இலக்கணம் தரும் விடை

நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். அவற்றுள் அறியா வினா வேறு, ஐய வினா வேறு. “இச்சூத்திரத்தின் பொருள் யாது?” என்பது அறியா வினா. “அங்கே கிடப்பது பாம்போ, கயிறோ?” என்பது ஐய வினா. இங்கும் இரண்டு பொருள்கள் நிற்பதைக் காண்க! இலத்தீன் மூலம் சொல்வதும் இதுவே. பேச்சுத் தமிழில் இவ்விரண்டையும் ‘சந்தேகம்’ என்ற ஒரே சொல்லால் வழங்குகிறோம். அவ்வழக்கமே நம் ஆங்கிலத்திலும் ஏறிவிட்டது.

நம்மிடையே பேசும்போது இவ்வழக்கைக் கண்டு நாண வேண்டுவதில்லை. இந்திய ஆங்கிலத்தில் அது வேரூன்றிவிட்டது. பிறநாட்டாரிடம் பேசும்போதும் எழுதும்போதும் மட்டும், அறியா வினாவாயின் ‘கொஸ்டின்’ என்க.

ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய மூன்றாம் வரியிலிருந்து நான்காம் வரி பெறப்படுமா என்ற ஐயம் உண்மையாகவே எழுந்தால், அதனை வெறும் வினாவாக மழுப்ப வேண்டாம். அங்கே ‘டவுட்’ என்பதே சரியான சொல். பணிவோடு, ஆனால் அச்சமின்றி, அதனையே சொல்லுங்கள்.