35-க்கு ஒரு வகுப்பு, ஆங்கிலத்துக்கு ஒரு வகுப்பு

அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவருக்கு இரண்டு வேலை. எல்லாரையும் 35 வாங்க வைப்பது ஒன்று. ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. பி.எட். படிக்கையில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். புதிதாகச் சேர்ந்த பட்டதாரி ஆசிரியர்கள் கேட்டால் நான் முதலில் சொல்வது, இரண்டையும் ஒரே பீரியடில் போட்டுக் குழப்பாதீர்கள் என்பதுதான்.

தேர்ச்சிக்கான வேலையைக் காலைச் சிறப்பு வகுப்போடு முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு தாள் இருந்த காலத்தில் முதல் தாளில் சறுக்கியவனை இரண்டாம் தாளில் தேற்றிவிடலாம். 2019-20இல் ஒரே தாள் ஆக்கினார்கள். அந்த வருடமும் அடுத்த வருடமும் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை, எல்லாரும் பாஸ். 2022இல்தான் ஒரே தாளின் சூடு எங்களுக்குத் தெரிந்தது. ஒரு மார்க் கேள்விகள் 14, மெமரி போயத்துக்கு 5, அப்புறம் படம் பார்த்து எழுதுவது, விளம்பரம், ரோடு மேப். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு இவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கைடுகளில் ‘பொது பாராகிராஃப்’ என்று ஒன்று உண்டு. எந்தப் போயம் கேட்டாலும் தலைப்பையும் கவிஞர் பெயரையும் மட்டும் மாற்றி எழுதிவிடலாம். கிப்ளிங்கின் இயந்திரங்களுக்கும் எறும்புக் கதைக்கும் ஒரே புகழுரை! எனக்கு அறவே பிடிக்காது. ஆனாலும் பிப்ரவரி திருப்புதல் தேர்வில் 20ஐத் தாண்டாத பிள்ளைக்குக் கொடுப்பேன், பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாமல். தெரிந்தால் நன்றாக எழுதுகிறவனும் அதையே பிடித்துக்கொள்வான்.

ஆங்கில பீரியடில் கைடு மேசைக்கு வரக் கூடாது. பாடப் புத்தகமே போதும். ‘ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃபிளைட்’ பாடத்தைத் திறந்தால் வரிக்கு வரி மேலே பென்சிலால் பொடிப்பொடியாகத் தமிழில் எழுதி வைத்திருப்பார்கள். அழி என்றால் அன்றோடு அந்தப் பிள்ளை வாய் திறக்காது. நான் ரேஷன் வைக்கிறேன்: வரிக்கு ஒரு சொல், நாக்கு தடுக்குகிற சொல் மட்டும். அரையாண்டுக்குள் பென்சில் தானாகக் குறைந்துவிடும்.

அந்தப் பழக்கத்தில் மெய்யான சிக்கல் ஒன்றும் உண்டு. தமிழில் எழுதினால் பன்றியும் ‘பிக்’, பெரியதும் ‘பிக்’. வாசிக்கும்போதும் இரண்டும் ஒன்றாகிவிடும். நோட்டுத் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்வேன். பன்றியைச் சொன்னால் தாள் படபடக்க வேண்டும். பெரியதைச் சொன்னால் ஆடாமல் நிற்க வேண்டும். வகுப்பே சிரிக்கும். கடைசி பெஞ்சும் சேர்ந்து ஊதும். இதையே விதியாகச் சொல்லியிருந்தால் ஒருவனும் காதில் வாங்கியிருக்க மாட்டான்.

வாசிக்கச் சொல்லி ஒருவரை மட்டும் எழுப்பாதீர்கள். ஆங்கிலம் என்றால் பயம் என்று சொல்லும் பிள்ளைகளில் பலருக்கு உண்மையில் பயம், கூட இருப்பவர்கள் சிரித்துவிடுவார்களோ என்பதுதான். முதலில் வகுப்பு மொத்தமும் முணுமுணுப்பாக, பிறகு பெஞ்ச் பெஞ்சாக, பிறகு இருவர் இருவராக. தனியாக எழுந்து வாசிப்பது தானே கை தூக்குகிறவர்களுக்கு.

தமிழ் பேசவும் கூச்சப்பட வேண்டாம். அல்போன்ஸ் தோதேயின் ‘தி லாஸ்ட் லெசன்’ பாடத்தை நான் தமிழில்தான் தொடங்குவேன். அல்சாஸ், லொரேன் பள்ளிகளில் இனி ஜெர்மன் மட்டும்தான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வருகிறது. பிரெஞ்சு வாத்தியாருக்கு அது கடைசி வகுப்பு. அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பும் இடத்தில் நிறுத்திவிடுவேன். என்ன எழுதினார் என்று தெரிய வேண்டுமானால் ஆங்கிலத்தில் படித்துக்கொள்ளட்டும். பக்கம் புரளும் சத்தம் கேட்கும்.

நோட்டு திருத்துவதில் ஒன்று. எல்லாப் பிழையையும் வட்டமிட்டால் பிள்ளை நோட்டை மூடி வைத்துவிடும். ஒரு கட்டுரைக்கு ஒரே வகைப் பிழை. ‘ஹி கோ’ என்று எழுதுகிறவர்கள் அதிகமென்றால் அன்றைக்கு அது மட்டும். மற்றதைப் பார்த்தும் பாராமல் விடுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் சிவப்பு மையைத்தான் தேடுவார்கள் என்பதால், அடியில் ‘இன்று பார்த்தது: வினை முடிவு’ என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பிறகு பேச்சு வராது.

கடிதப் பயிற்சிக்குக் கைடில் இருக்கும் மாமாவை விட்டுவிடுங்கள். பிறந்தநாளுக்குக் கைக்கடிகாரம் அனுப்பும் மாமா எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. உங்கள் தெருவில் எது சரியில்லையோ அதைப் பற்றிப் புகார் எழுதுங்கள் என்றேன். எப்போதும் வெள்ளைத் தாள் கொடுக்கும் பையன் ஒருவன் மூன்று வரி எழுதியிருந்தான்: ‘அவர் கோட் ஃபாலிங் டிச். லெக் புரோக்கன். ப்ளீஸ் குளோஸ் டிச்.’ வினைச்சொல்லெல்லாம் நொண்டினாலும் ஆட்டுக்கு என்ன ஆயிற்று, அவனுக்கு என்ன வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. நல்ல மார்க் போட்டேன். உட்கார்ந்து இருவரும் அதைச் சரிசெய்தோம்; அவனே படியெடுத்து ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தான்.

“மிஸ், தமிழ்ல எழுதிக் கேக்குறாங்க” என்று மறுநாள் வந்து நின்றான்.

தமிழிலும் எழுதிக் கொடுத்தான். பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த வாரம் வகுப்பில் நினைவூட்டுக் கடிதம்.