உடுமலை நாராயணகவி: மேடைத் தமிழும் திரைத் தமிழும்

தமிழ் மொழி இயல், இசை, நாடகம் என முத்திறப்படும் என்பது ஆன்றோர் கொள்கை. ஆயினும் கல்லூரிகளில் நாம் பெரிதும் பயில்வது இயற்றமிழே. நாடக மேடையிலும் திரைப்படத்திலும் பாடப்பெற்ற பாட்டுக்களை நாம் வீட்டிலும் வீதியிலும் பாடி மகிழ்கின்றோம். அவற்றை ஆக்கியோர் பெயரைத் தானும் வினவுவதில்லை. பாடிய குரலை அறிவோம், நடித்த முகத்தை அறிவோம், சொல்லைக் கொடுத்தவரை அறியோம். அத்தகைய பாவலர் ஒருவரின் வாழ்வையும் தொழிலையும் ஆராய்ந்து, அத்தொழில் புலமையென மதிக்கத் தகுவதுதானா என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவை எம் உள்ளத்தில் எழுப்பியது எமது வட்டாரமே. திருத்தணிகை மலைக்கு அணித்தாய், ஆந்திர நாட்டெல்லையை அடுத்துள்ள பொதட்டூர்பேட்டை நெசவாளர் நிறைந்த ஊர். தறியிலமர்ந்த நெசவாளருக்குக் கையும் காலும் கண்ணும் ஓய்வதில்லை. ஓய்ந்திருப்பது செவி ஒன்றே. ஏட்டை விரித்துப் படிக்கப் பொழுதில்லாத அவரையும் பாட்டு எட்டுகின்றது. நன்னூலாசிரியர் நூல் என்னும் சொல்லுக்குக் காரணங் காட்டுமிடத்துச் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூல் நூற்கும் மகளாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகப்படுத்தினார். நூற்றலோடும் நெய்தலோடும் புலமையை ஒப்பவைத்த மரபில் வந்த நாம், உழைப்பாளரின் செவிக்கென்றே நெய்யப்பட்ட பாட்டைப் புறக்கணித்தல் முறையாகுமா?

பிறப்பும் பயிற்சியும்

நாராயணசாமி என்னும் இயற்பெயருடைய உடுமலை நாராயணகவி, 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள், உடுமலைப்பேட்டையை அடுத்த பூளவாடி என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 2009-இல் திருப்பூர் மாவட்டம் அமைந்தபின் அதனைச் சார்ந்தது. அவருடைய பள்ளிக் கல்வி தொடக்க வகுப்புக்களோடு முடிந்தது. எனினும் கல்வி முடிந்ததென்று கூறுதற்கில்லை. கொங்கு நாட்டுத் திருவிழாக்களில் முழங்கும் உடுக்கடிப் பாட்டும், கும்மியும், ஒயிலாட்டமும் அவருக்கு முதற் பாடங்களாயின. அதன்பின் உடுமலை முத்துசாமிக் கவிராயரை ஆசிரியராகப் பெற்று, நாடகங்களுக்கு உரையாடலும் பாட்டும் எழுதும் நெறியைக் கற்றார். விடுதலைப் போராட்டக் காலத்தில் நாட்டுப்பற்றூட்டும் பாட்டுக்களை இயற்றி மேடைகளில் முழங்கச் செய்தார். ‘கவி’ என்னும் சொல்லைத் தம் பெயரோடு இணைத்துக் கொண்டவர், தம்மை அறிந்தோரால் கவிராயர் என்றே அழைக்கப்பட்டார்.

மேடை கற்பித்த பாடம்

அவர் பயின்ற மேடை எத்தகையது என்பதைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அமைத்துத் தந்த நாடக மரபே அந்நாளில் தமிழகமெங்கும் வழங்கிற்று. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. நடிகர் உச்சக் குரலெடுத்துப் பாடினாலன்றிக் கடைசி வரிசையில் மண்மேல் அமர்ந்திருப்பவருக்குச் சொல் எட்டாது. ஆகவே பாட்டில் அமையும் சொல், வாய் திறந்து நீட்டிப் பாடுதற்கு ஏற்றதாகவும், ஒருமுறை கேட்ட மாத்திரையிற் பொருள் விளங்குவதாகவும் இருத்தல் வேண்டும். புத்தகத்திற் படிப்பவர் விளங்காத அடியை மீண்டும் படிக்கலாம். மேடைப் பாட்டைக் கேட்பவருக்கு அவ்வாய்ப்பில்லை. மோனையும் எதுகையும் அங்கே அழகுக்கு மட்டும் அமைந்தவையல்ல. கேட்டதை நினைவில் இருத்தும் பிடிப்புக்களுமாம்.

மேடை கற்பித்த மற்றொரு பாடம், பழைய கதையினுள் புதிய பொருளை வைக்கும் திறம். இதற்குச் சிறந்த சான்று எமது தணிகை மலையோடு தொடர்புடைய ‘வள்ளி திருமணம்’ நாடகமேயாகும். தினைப்புனங் காக்கும் வள்ளி பறவைகளை ஓட்டும் காட்சி யாவரும் அறிந்தது. மதுரை பாஸ்கரதாஸ் (1892–1952) அக்காட்சிக்கேற்ப வெண்ணிறக் கொக்கைப் பற்றியதொரு பாட்டை அமைத்தார். தியாகி விசுவநாததாஸ் அதனை மேடைதோறும் பாடினார். ஓட்டப்படுவது கொக்கு மட்டுமன்று, வெள்ளையராட்சியுமாகும் என்பது அவையோர்க்கு உடனே விளங்கிற்று. விசுவநாததாஸ் பன்முறை சிறைப்பட்டார். 1940-ஆம் ஆண்டின் இறுதி நாளில், சென்னையில், அந்நாடகத்தில் முருகனாக வீற்றிருந்த நிலையிலேயே மேடைமேல் உயிர் நீத்தார். பாட்டெழுதுதலும் பாடுதலும் வெறும் பொழுதுபோக்கல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

திரையின் அளவு

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் ‘காளிதாஸ்’ வெளிவந்தது. தமிழின் முதற் பேசும்படம் எனப் போற்றப்படும் அதில் கதைத்தலைவி தமிழிலும் தலைவன் தெலுங்கிலும் பேசினர் என்பது எல்லைப்புறத்தாராகிய எமக்குத் தனி இன்பம் பயப்பதாகும். அதற்குப் பாட்டெழுதியவர் மேற்கூறிய பாஸ்கரதாஸே. நாடக மேடையின் நடிகரும் பாவலரும் ஒருங்கே திரையுலகம் புகுந்த காலம் அது. நாராயணகவியும் 1930-களில் அவ்வழியே சென்னை சேர்ந்தார்.

மேடையில் ஒரு பாட்டை அவையோர் விரும்புங்கால் மீண்டும் மீண்டும் பாடலாம். திரையிலோ காட்சியின் நீளமும், இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கும் மூன்று நிமிட அளவும் பாவலரின் கையைக் கட்டின. பல சமயங்களில் மெட்டு முன்னரே அமைந்துவிடும். சொல் அதற்குள் அடங்குதல் வேண்டும். கதை பிறருடையது, இசை பிறருடையது, குரலும் முகமும் பிறருடையன. இத்தனை கட்டுக்களுக்குள் நின்று, தமக்கென ஒரு கருத்தையும் நடையையும் நிலைநாட்டுதலே திரைப்பாவலரின் திறமாகும். அக்காலத்தில் பாபநாசம் சிவன் (1890–1973) கருநாடக இசை மரபில் அரிய பாட்டுக்களை அளித்து, ‘அசோக்குமார்’, ‘ஹரிதாஸ்’ முதலிய படங்களுக்குப் பெருமை சேர்த்தார். நாராயணகவி மேற்கொண்டது பிறிதொரு நெறி. நாட்டுப்புற மெட்டையும் பேச்சு வழக்கையும் திரைக்குக் கொணர்ந்தார். நகையினூடே சீர்திருத்தத்தை வைத்தார். திராவிட இயக்கத் தொடர்பு இக்கருத்துக்களை மேலும் உரமாக்கிற்று. ‘பகுத்தறிவுக் கவிராயர்’ என்னும் பட்டப்பெயர் அவருக்கு வாய்த்தது இதனாலேயாம்.

நந்தனாரும் கிந்தனாரும்

அவர் திறத்தை முற்றும் உணர்ந்து பயன்கொண்டவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். கலைவாணருக்கென நாராயணகவி இயற்றிக் கொடுத்த ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம் தனித்து ஆராயத்தக்கது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் தமிழ்நாட்டார் யாவரும் கேட்டுருகியது. அதில் தீண்டாமைக்கு ஆளான நந்தன் தில்லையைக் காண விழைகின்றான். கிந்தனோ கல்வியை விழைகின்றான். ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த அச்சிறுவன் ஊர்ப்பள்ளியில் அடிபட்டு, நகரஞ் சென்று கற்றுத் தேர்ந்து, பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாக உயர்கின்றான். பழைய காலட்சேபத்தின் நடையும் மெட்டும் மாறாதிருக்க, அடையவேண்டிய இடம் மட்டும் கோயிலினின்று பள்ளிக்கு மாறிற்று. 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ என்னும் படத்திலும் இது இடம்பெற்றது.

ஈண்டு நாம் உற்றுநோக்கத் தக்கது ஒன்றுண்டு. கிந்தனாரைக் கேட்டுச் சிரித்த மக்களிற் பலர், கையெழுத்திடவும் அறியாதவர். கல்வியின் இன்றியமையாமையைக் கட்டுரையாக எழுதியிருப்பின் அஃது அவர்களைச் சென்று சேர்ந்திராது. கல்லாதாருக்குக் கல்வியின் பெருமையை உணர்த்த வல்லது, கல்லாமலே கேட்டுணரத்தக்க பாட்டேயாகும். கல்விப்பணியையே நோக்கமாகக் கொண்ட கல்லூரியிற் பயிலும் நாம் இதனை எளிதாகக் கருதலாகாது. அவ்வாண்டிலேயே, அறிஞர் அண்ணாதுரையின் கதையாகிய ‘வேலைக்காரி’யும் படமாயிற்று, அதற்கும் நாராயணகவி பாட்டெழுதினார்.

காக்கையும் குறளும்

1952-ஆம் ஆண்டு தீபாவளியன்று வெளிவந்தது ‘பராசக்தி’. அப்படத்தில் அனைத்தும் இழந்து சென்னை வீதிகளில் அலையும் கதைத்தலைவன் குணசேகரன், காக்கைகளைக் கண்டு பாடுவதாக நாராயணகவி ஒரு பாட்டமைத்தார். சிதம்பரம் எஸ். ஜெயராமன் குரலில் ஒலித்த அப்பாட்டின் கருத்து எளியது: இரை கண்ட காக்கை தன் இனத்தைக் கூவி அழைத்துப் பகிர்ந்துண்கின்றது, மாந்தரிடத்தோ அப்பண்பு அருகிக் காணப்படுகின்றது. திருக்குறள் 53-ஆம் அதிகாரமாகிய சுற்றந்தழாலில் வள்ளுவர் காட்டிய காக்கை இதுவே. குறளில் அது சுற்றத்தாரைப் பேணுதற்கு உவமையாயிற்று. படத்தில் பசித்த ஏழை ஒருவன் உலகத்தை நோக்கி எழுப்பும் வினாவாயிற்று. குறளைக் கற்றோர் அதன் வேரை உணர்ந்து மகிழ்வர். கல்லாதார் கூரைமேல் அமரும் காக்கையைக் கண்டே பொருளுணர்வர். அடிக்குறிப்பும் அரும்பதவுரையும் இன்றி ஒரு பழம்பாடலின் கருத்தைத் தெருவோரம் கொண்டு சேர்த்த இச்செயல், உரையாசிரியர் தொண்டினும் குறைந்ததன்று என்பது எம் துணிபு.

ஒரு மெட்டு, இரு மொழி

1953-இல் ‘தேவதாஸ்’ என்னும் படம் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தது. சி. ஆர். சுப்பராமன் இசையமைத்தார், கண்டசாலா இருமொழியிலும் பாடினார். தெலுங்குப் பாட்டுக்கள் சமுத்திராலவுடையன. தமிழில் எழுதியோருள் முதன்மையானவர் நாராயணகவி. ஒரே மெட்டுக்கு இருமொழியிற் சொல்லமைத்தல் எத்துணை அரிதென்பதை இருமொழிக்கும் நடுவில் வாழும் யாம் ஓரளவு உணரக்கூடும். தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவன. நீட்டி இசைத்தற்கு இயல்பாகவே இடந்தருவன. தமிழிலோ மெய்யில் முடியுஞ் சொற்கள் மிகுதி. மெட்டு நீளுமிடத்தில் மெல்லின மெய்யோ வல்லோசையோ வந்து முட்டுமாயின் இசை சிதையும். ஆகவே தமிழ்ப்பாவலர் நெட்டுயிரில் முடியுஞ் சொற்களையும் விளிச்சொற்களையும் தேர்ந்து அமைத்தல் வேண்டும். எனினும் இரண்டாம் எழுத்தொன்றும் நம் எதுகைக்கு இணையாகத் தெலுங்கிற் பிராசம் உளது. நம் மோனைக்கு அணித்தாக யதி உளது. வேறுபாட்டை அறிந்து விலக்கி, ஒற்றுமையை அறிந்து கைக்கொள்வோருக்கே இத்தொழில் கைகூடும்.

அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளன்றுதான் ஆந்திர மாநிலம் அமைந்தது. சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த திருத்தணி வட்டாரம் அதனுள் அடங்கிற்று. பின்னர் நிகழ்ந்த எல்லைக் கிளர்ச்சியின் பயனாக, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நிலத்தை எவ்வாறு பகுப்பது என்று இருசாராரும் வழக்காடிய அக்காலத்தில், ஒரே மெட்டு இருமொழியாருடைய உள்ளத்தையும் உருக்கிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மதிப்பும் கடமையும்

நாராயணகவி 1981-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் மறைந்தார். உடுமலைப்பேட்டையில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பப்பட்டுள்ளது. 2008-ஆம் ஆண்டின் இறுதி நாளில் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. மேடையில் தொடங்கித் திரையில் நிலைபெற்ற அவர் வழியிலே மருதகாசியும், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் பின்வந்து புகழ் பெற்றனர்.

திரைப்பாட்டனைத்தும் இலக்கியமென்று யாம் கூறவில்லை. வேண்டுவோர் விருப்பத்திற்கேற்பப் புனைந்து, படம் மறைந்ததும் உடன்மறைந்த பாட்டுக்கள் பலவுள. அவ்வாறே நூலாக அச்சேறியும் மறைந்தொழிந்த செய்யுட்களும் எண்ணிறந்தன. பாட்டு எங்கே பிறந்தது என்பதைக் கொண்டு அதனை ஏற்றலும் தள்ளலும் நேர்மையாகா. சொல் தேர்ந்ததா, பொருள் உயர்ந்ததா, கேட்டார் உள்ளத்தில் நின்றதா என்பனவே நாம் வினவற்பாலன. இம்மூன்றினும் தேறிய நாராயணகவியைப் புலவரென்றல் தகும்.

இனி மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். முன்னாளில் நாடகக் கொட்டகைகளிலும் படக்கொட்டகைகளிலும் மலிவு விலைக்கு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் மெல்லிய தாளில் அச்சிடப்பட்டவை. வீடுகளின் பரண்களிலும் பழைய பெட்டிகளிலும் கிடக்கும் அவை ஆண்டுதோறும் பொடிந்து அழிகின்றன. எஞ்சியவற்றைத் தேடி எடுத்துப் படியெடுத்து வைத்தலும், முதியோர் நினைவிலுள்ள நாடகப் பாட்டுக்களைக் கேட்டு எழுதுதலும், ஒவ்வொரு பாட்டின் கீழும் ஆக்கியோன் பெயரைப் பொறித்தலும் விடுமுறை நாட்களில் நம்மால் இயலுவனவே. ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊரூராய் அலைந்த உ. வே. சாமிநாதையரை நாம் போற்றுகின்றோம். அப்பெரியார் நடந்த தொலைவில் ஒரு பங்கேனும் நடந்து, நம் காலத்துப் பாட்டுத் தமிழைக் காத்தல் நம் கடமையாகும்.