அறுபது எண்ணி வாங்கு, அறுபது எண்ணிக் கொடு

நான்கு நண்பர்கள் போக்கிமோன் கார்டு ஆடுவதற்கு நான்கு பேருமே கார்டு வாங்க வேண்டியதில்லை. ஒருவரிடமோ இருவரிடமோ நான்கு கட்டு இருந்தால் போதும். மற்றவர்கள் வெறுங்கையோடு வந்து உட்காரலாம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில், தேக்கா பக்கம் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் பையில் கார்டு இல்லாத பை குறைவு. பாக்கெட் பாக்கெட்டாக வாங்குகிறார்கள், மின்னும் கார்டைத் தனியே எடுத்து வைக்கிறார்கள், மீதியை ரப்பர் பேண்டு போட்டு மூலையில் எறிகிறார்கள். ஆடத் தெரியுமா என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு பாக்கெட்டில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி வந்ததை எல்லாம் சேர்த்தாலும் ஆடக்கூடிய கட்டு அமையாது. 1996 அக்டோபரில் ஜப்பானில் வெளிவந்த நாள் முதல் இது இருவர் எதிரெதிரே உட்கார்ந்து யோசித்து ஆடும் ஆட்டம். அதைச் சேமிப்பாக மட்டும் வைத்திருப்பது பெரிய இழப்பு. கையில் இருக்கும் கார்டுகளை நண்பர் வட்டத்துக்குப் பொதுவாக்கி ஆடும் வழியைக் கீழே சொல்கிறேன்.

முதலில் கட்டுகளைச் சேருங்கள்

ஒரு கட்டுக்குச் சரியாக 60 கார்டு. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரே பெயருள்ள கார்டு நான்குக்கு மேல் இருக்கக் கூடாது; அடிப்படை எனர்ஜிக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை.

புதிதாகத் தொடங்கும் வட்டத்துக்கு என் யோசனை: பாக்கெட் வாங்காதீர்கள். ஆயத்தமாக 60 கார்டோடு வரும் பேட்டில் டெக் இரண்டு வாங்குங்கள். இல்லையென்றால் பேட்டில் அகாடமி பெட்டி. அதில் மூன்று கட்டும் ஆடுபலகையும் சேர்ந்தே வரும், சிறு பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. பிறகு நண்பர்கள் எல்லாருடைய மூலையிலும் கிடக்கும் கார்டுகளை ஒரு சனிக்கிழமை ஒரே பாயில் கொட்டுங்கள். மூன்றாவது, நான்காவது கட்டு அதிலிருந்தே தேறும். குறைகிற கார்டை ஒற்றையாக விற்கும் கடையிலோ கரோசல் இணையச் சந்தையிலோ சில்லறைக் காசுக்கு வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் கட்டும் கட்டுக்கு ஒரு கணக்கு: போக்கிமோன் 18 முதல் 20, எனர்ஜி 14 அளவு, மீதி எல்லாம் டிரெய்னர் கார்டு. பிள்ளைகள் கட்டும்போது முக்கால்வாசி போக்கிமோனாகத் திணிப்பார்கள். அது ஓடாது. தேவையான கார்டைத் தேடி எடுத்துக் கையில் தருவது டிரெய்னர்தான். புரொஃபசர்ஸ் ரிசர்ச், அல்ட்ரா பால், பாஸஸ் ஆர்டர்ஸ் போன்றவை எல்லாக் கட்டுக்கும் வேண்டியவை. அவற்றை ஒரு கட்டிலிருந்து உருவி இன்னொன்றில் போட்டு ஆடத் தொடங்கினால் அன்றே பகிர்வு கெட்டுவிடும். ஒவ்வொரு கட்டுக்கும் தனித்தனியாக வாங்கிப் போடுங்கள்.

எனர்ஜி நிறம் இரண்டுக்கு மேல் வேண்டாம். அடிப்படைப் போக்கிமோன் எத்தனை என்பதை எண்ணிப் பாருங்கள், ஏனென்றால் தொடக்கத்தில் எடுக்கும் 7 கார்டில் ஒன்றாவது அடிப்படையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கையைக் காட்டிவிட்டு மறுபடி கலைக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். அறுபதில் 4 அடிப்படைதான் என்றால் நூற்றுக்கு 60 தடவை இப்படி ஆகும். 8 இருந்தால் 35 தடவை, 12 இருந்தால் 19 தடவை. இரவல் வாங்கி ஆடும் புதியவர் முதல் ஆட்டத்திலேயே மூன்று தடவை கலைக்க நேர்ந்தால் அவருக்கு ஆட்டமே வெறுத்துவிடும். பன்னிரண்டு வையுங்கள்.

நான்கும் ஒரே எடையில் இருக்கட்டும்

பகிர்வு நிலைப்பதும் கலைவதும் இதில்தான். கட்டு வைத்திருப்பவர் தன் பலமான கட்டைத் தான் எடுத்துக்கொண்டு சோப்ளாங்கிக் கட்டை நண்பனுக்குத் தள்ளினால் இரண்டு வாரத்தில் வட்டம் உடையும். நண்பன் அடுத்த வாரம் வராமல் இருப்பான். ஏன் என்று சொல்லவும் மாட்டான்.

இதற்கு ஒரு விதி போதும். ஜெயித்தவர் அடுத்த ஆட்டத்தில் தோற்ற கட்டை எடுத்து ஆட வேண்டும். ஆள் மாறியும் அதே கட்டு தோற்றால் குறை கட்டில். நான்கு கார்டை மாற்றுங்கள். கட்டு மாறியும் அதே ஆள் தோற்றால் அவர் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் நாம் காரணமின்றிச் சண்டை போடுகிறோம்.

இன்னொன்று: இஎக்ஸ் போக்கிமோன் விழுந்தால் எதிராளிக்கு இரண்டு பரிசு கார்டு. அதனால் ஒரு கட்டில் நான்கு இஎக்ஸும் மற்றதில் ஒன்றுமே இல்லாமலும் வைக்காதீர்கள். எல்லாக் கட்டிலும் இரண்டு, அல்லது எதிலும் இல்லை என்று முடிவு செய்தால் சமன் செய்வது சுலபம்.

உறை, பட்டியல், எண்ணிக்கை

ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிற உறை. சிவப்புக் கட்டு, நீலக் கட்டு என்று பெயரும் அதுவே ஆகிவிடும். உறை வாங்கும்போது அளவைப் பாருங்கள்: போக்கிமோன், மேஜிக் கார்டுகள் 63க்கு 88 மில்லிமீட்டர், யு-கி-ஓ கார்டு அதைவிடச் சிறியது, உறையும் தனி. பின்பக்கம் தெரியாத உறையாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஜப்பானியக் கார்டும் தாராளமாகக் கிடைக்கிறது, அதன் பின்பக்க ஓவியம் ஆங்கிலக் கார்டினுடையது போல் இராது. கண்ணாடி உறையில் இரண்டையும் கலந்தால் அடுத்து வரப்போவது என்ன கார்டு என்று பார்த்தே சொல்லிவிடலாம். வீட்டு ஆட்டத்துக்குக் கலக்கலாம். அதிகாரபூர்வப் போட்டிக்குப் போவதானால் எந்த மொழிக் கார்டு செல்லும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரின் ஈரப்பதம் கார்டுக்கு எதிரி. மின்னும் கார்டுகள் சீக்கிரம் வளைந்துவிடும். வளைந்த கார்டு கட்டில் தனியே தெரியும், அது குறி வைத்த சீட்டுக்குச் சமம். கட்டுப் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். வளைந்தே போனால் மின்னாத அதே கார்டை மாற்றிப் போடுங்கள்.

கட்டை முடித்ததும் 60 கார்டையும் வரிசைக்குப் பத்தாக ஆறு வரிசையில் பரப்பிக் கைப்பேசியில் படமெடுங்கள். பட்டியலைத் தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். கட்டு கைமாறும்போதெல்லாம் எண்ணுவது கட்டாயம். அறுபது எண்ணி வாங்கு, அறுபது எண்ணிக் கொடு. நண்பனை நம்பவில்லையா என்று யாரும் கோபிக்கத் தேவையில்லை, எல்லாருக்கும் ஒரே வழக்கம். ஆட்டம் முடிந்ததும் கார்டு அடிக்கடி எதிராளியின் குவியலில் மாட்டிக்கொள்ளும், அதனால் எழுந்து போவதற்கு முன்பே எண்ணுங்கள்.

தொலைந்தால்? அதே கார்டை வாங்கித் தர வேண்டும், பணமாக வேண்டாம். ஆனால் இந்த விதி நியாயமாக இருக்க வேண்டுமானால் கொடுப்பவரும் ஒன்று செய்ய வேண்டும்: போனால் மனசு பொறுக்காத விலையுள்ள கார்டை இரவல் கட்டில் போடவே கூடாது. இருபது வெள்ளிக் கார்டைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அழ வைப்பது பெரியவர் செய்யும் காரியம் ஆகாது.

இரவல் வாங்கியவர் கட்டின் உள்ளே எதையும் மாற்றக் கூடாது. மாற்ற ஆசையிருந்தால் சொந்தக்காரரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த யோசனை நல்லதாகவே இருக்கும்.

உட்காரும் முன் விதி பேசுங்கள்

பள்ளிக்குப் பள்ளி விதி மாறிக் கிடக்கிறது. அச்சிட்ட விதிப்படி ஆடுவது என்று முடிவு செய்யுங்கள். கார்டில் எழுதியிருப்பதும் விதிநூலும் மோதினால் கார்டே செல்லும். சண்டை வருவது எப்போதும் ஒரு சில இடங்களில்தான்.

முதலில் ஆடுபவர் தன் முதல் முறையில் தாக்கக் கூடாது, டிரெய்னரில் ஒரு வகையான சப்போர்ட்டர் கார்டும் இறக்கக் கூடாது. ஒரு முறைக்குக் கையிலிருந்து ஒரு எனர்ஜி, ஒரு சப்போர்ட்டர், ஒரு பின்வாங்கல். இறக்கிய அதே முறையில் போக்கிமோனைப் பரிணமிக்கச் செய்ய முடியாது. யாருடைய முதல் முறையிலும் முடியாது. பெஞ்சில் ஐந்து பேர்தான். பலவீனத்துக்கு இரண்டு மடங்கு என்பது முன்னே நிற்கும் போக்கிமோனுக்குத்தான், பெஞ்சில் விழும் அடிக்குக் கிடையாது. இந்தக் கடைசி விதியில் பெரியவர்களும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

குழப்பம் பிடித்த போக்கிமோன் தாக்கும்போது காசு சுண்ட வேண்டும். பூ விழுந்தால் தாக்குதல் போச்சு, தன்மேலேயே 30 அடி. விஷத்துக்கு முறை முடியும்போதெல்லாம் 10. பின்வாங்கினாலும் பரிணமித்தாலும் இவை எல்லாம் நீங்கும். தூங்குவதும் முடங்கியதும் பின்வாங்க முடியாது. காசு சுண்ட ஒரு வெள்ளி நாணயம் போதும். ஒரு பக்கம் மெர்லயன், மறுபக்கம் நாட்டுச் சின்னம். எது தலை, எது பூ என்று ஆட்டத்துக்கு முன்பே சொல்லிக்கொள்ளுங்கள்.

கட்டுக்குள் தேடினால் கலைக்க வேண்டும், எதிராளி வெட்ட வேண்டும். கார்டை இறக்கிக் கையை எடுத்தபின் திரும்ப எடுப்பது இரவல் கட்டோடு ஆடுபவருக்கு மட்டும் முதல் மூன்று ஆட்டத்தில் உண்டு, அவருக்கு அந்தக் கட்டு புதிது. விதியைத் தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள். சீட்டாடிய வீடுகளில் கலை, வெட்டு, இறக்கு, கழி எல்லாம் ஏற்கெனவே புழங்குகிறது. தாத்தாவும் கூட உட்கார்ந்துவிடுவார்.

எங்கே ஆடுவது

தேக்கா நிலையத்தின் உணவங்காடி ஆசையைத் தூண்டும். மேசை இருக்கிறது, தேத்தண்ணீர் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் அங்கே கட்டை விரிக்காதீர்கள். தட்டை ஏந்தி இடம் தேடி நிற்பவர் முன்னால் ஆடுவது மரியாதையாகாது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா முழுக்கவே விடுமுறைக்கு வரும் தொழிலாளர்களின் நாள். அந்த மேசைகள் அவர்களுக்கு வேண்டும். முர்தபா எண்ணெய் கார்டுக்கும் நல்லதில்லை.

வீவக புளோக்கின் கீழ்த்தளத்துக் கல் மேசை நல்ல இடம். காற்றுக்கு ஒரு துணி விரிப்பு வேண்டும், சத்தம் அடக்கமாக இருக்க வேண்டும். மழை நாளில் சமூக மன்றத்தில் கேட்டுப் பாருங்கள். கார்டுக் கடைகள் பலவற்றில் ஆடுமேசை உண்டு. அங்கே ஆடினால் எதையாவது வாங்கிவிட்டு வாருங்கள், அந்த மேசைக்கு அவர்கள் வாடகை கட்டுகிறார்கள்.

மாற்றிக்கொள்வதும் பந்தயமும்

ஆடும் நாளும் கார்டு மாற்றும் நாளும் வேறாக இருக்கட்டும். தோற்ற வேகத்தில் பிள்ளை மாற்றிக்கொள்ளும் கார்டு இரவில் கண்ணீராகும். பன்னிரண்டு வயதுக்குக் கீழுள்ளவர்கள் பெரியவர் ஒருவர் பார்க்க மாற்றிக்கொள்ளட்டும், ஒரு நாள் பொறுத்து முடிக்கட்டும்.

கார்டைப் பந்தயம் வைக்காதீர்கள். 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய மேஜிக் ஆட்டத்தின் முதல் விதிகளில் ஆளுக்கொரு கார்டைப் பந்தயமாக வைக்கும் முறை இருந்தது. பின்னால் அதைக் கைவிட்டார்கள். சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டுக்குள் ஆடுவதற்குத்தான் விலக்கு தருகிறது. கீழ்த்தளம் வீடாகாது. சட்டம் இல்லாவிட்டாலும், நண்பன் கார்டை ஜெயித்து வைத்துக்கொண்டால் அடுத்த வாரம் அவன் எதை வைத்து ஆடுவான்?

விலை அதிகமான கார்டுக்குப் பதிலாக அதன் நகலை அச்சடித்துச் சாதாரணக் கார்டின் முன்னால் உறைக்குள் செருகி ஆடலாமா என்று கேட்பார்கள். வீட்டு ஆட்டத்தில், எதிராளியிடம் சொல்லிவிட்டு, தாராளமாக. போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது, அசல் என்று யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது.

நான்கு பேரும் சேர்ந்து ஆட

போக்கிமோன் இருவர் ஆட்டம். நால்வரும் ஒரே மேசையில் ஆட வேண்டும் என்றால் மேஜிக்கின் கமாண்டர் முறை இருக்கிறது: ஆளுக்கு 100 கார்டு, அடிப்படை நிலம் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கிடையாது, தொடக்க உயிர் 40. 2011 முதல் ஆயத்தக் கட்டுகளும் வருகின்றன. அங்கேயும் தலைவலி நான் மேலே சொன்னதுதான், பலமில்லாத கட்டோடு பலமான கட்டு மோதுவது. 2025இல் மேஜிக்கை வெளியிடும் நிறுவனமே கட்டுகளை ஐந்து நிலையாகப் பிரித்து, உட்காரும் முன் நிலையைச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று முறை வகுத்தது. கட்டு இரவல் கொடுப்பவர் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் புளோக்கில் புதிதாகக் குடிவந்த பிள்ளையையும் கூப்பிடுங்கள். முதல் ஆட்டத்தில் இருவர் கையையும் திறந்து வைத்து ஆடுங்கள், நான்கில் நல்ல கட்டை அவருக்குக் கொடுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகட்டும் என்று அனுப்புங்கள், அறுபது எண்ணி.